புதிய சாளரம் கண்ட செம்மறிச் சங்கம்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, அதன்பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டது. அந்தக் குறையைப் போக்க எங்கள் 'கருங்கல்மேடு வட்டாரச் செம்மறி வளர்ப்போர் முன்னேற்றச் சங்கம்' பிறந்துதான் ஆகவேண்டியிருந்தது. வலைத்தளத்தில் ஓர் இணைப்பை அழுத்தினால் அது இருக்கிற சாளரத்திலேயே திறக்க வேண்டுமா, புதிய சாளரத்தில் திறக்க வேண்டுமா? புதியதில் என்றால் எந்த நெறிப்படி? உலகத்தில் எத்தனையோ பேர் இந்தக் கேள்வியை இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். நாங்கள் அப்படிப்பட்ட பொறுப்பற்றவர்கள் அல்ல.

இந்த வரலாற்றை எழுதும் தகுதி சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எனக்கு மட்டுமே உண்டு. தலைவருக்கு எழுத நேரமில்லை. எங்கள் கால்நடை டாக்டருக்கு நேரம் உண்டு, ஆனால் அவர் எழுதினால் வேறு மாதிரி எழுதிவிடுவார் என்ற அச்சம் எங்களுக்கு இருக்கிறது.

மேச்சேரிக்கு அந்தப் பக்கம், வானம் பார்த்த பூமியில் இருக்கிறது எங்கள் ஊர். மழை ஏமாற்றினாலும் ஆடு ஏமாற்றாது என்று பட்டி போட்டுப் பிழைப்பவர்களே அதிகம். தலைவர் சின்னண்ணன் அவர்களுக்கு மட்டும் ஆடு கிடையாது, லாரிகள் உண்டு. "ஆடு வெச்சிருக்கறவன் ஆட்டைப் பாப்பானா, சங்கத்தைப் பாப்பானா?" என்று தேர்தல் அன்று அவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியாததால் போட்டியின்றித் தேர்வானார்.

வந்ததும் முதல் வேலையாகச் சங்கத்தை 'முழுக் கணினிமயம்' ஆக்கினார். தொலைபேசியைத் துண்டித்தோம். நேரில் வந்து கேட்பது பின்தங்கிய பழக்கம் என்று அறிவித்தோம். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி வேண்டுமா? வலைத்தளத்தில் 'தடுப்பூசிக்குப் பதிய' என்ற இணைப்பை அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கும், பதிந்தால் டோக்கன் வரும், டோக்கன் வந்தால் டாக்டர் அன்பழகன் ஐஸ் பெட்டியோடு பட்டிக்கே வருவார். டோக்கன் இல்லாமல் மருந்து வெளியே போகக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டோம். கூடவே மருந்திருக்கும் ஃபிரிட்ஜுக்கு ஒரு பூட்டும் போட்டோம். சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. நிர்வாகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிற சங்கத்தார் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் நினைத்திருப்பார்கள்.

வலைத்தளத்தைச் செய்து கொடுத்தவர் சேலத்துச் சந்தோஷ்குமார். முகப்பில் தலைவரின் படம். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பின்னணியில் கடன் வாங்கி நிறுத்திய ஆடுகள். திறப்பு நாளன்று கல்யாண மண்டபத்தில் தலைவரே இணைப்பை அழுத்தினார். பதிவுப் பக்கம் பளிச்சென்று வந்தது. தலைவரின் முகம் கறுத்தது.

"ஏனப்பா சந்தோஷு, என்னையக் காணோம்?"

"அது முந்தின பக்கமுங்க. லிங்க்கை அமுக்குனா அது போயி இது வருமுங்க."

"போயின்னா? எங்க போச்சு?"

"எங்கயும் போவலீங்க, பின்னால இருக்குதுங்க. பேக் அமுக்குனா நீங்க வந்துருவீங்க."

"நான் வாரதுக்கு ஊர்ல இருக்கறவனெல்லாம் பேக் அமுக்கோணுமா?"

மண்டபமே தலை குனிந்தது. ஒரு சாதாரண ஆட்டு ஊசிக்காக ஒரு தலைவர் மறைந்து போவதா? அந்த இடத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. பதிவுப் பக்கம் புதிய சாளரத்தில்தான் திறக்க வேண்டும், பழைய சாளரத்தில் தலைவர் நிலைத்திருக்க வேண்டும். எந்த நெறியில் அதைச் செய்வது என்று ஆராய 'இணைப்புத் திறப்பு நெறி ஆய்வுத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. அதுவரை இணைப்பை மூடி, அந்த இடத்தில் 'விரைவில்' என்று எழுதி வைத்தோம்.

இப்படி நாங்கள் காலத்தோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ராஜம்மாள் அலுவலகத்துக்கு நேரிலேயே வந்து நின்றார். கணவர் போனபிறகு ஒற்றையாளாகப் பட்டியை நடத்துபவர். ஆடுதான் அவருக்கு வருமானம், ஆடுதான் மகள் வெண்ணிலாவின் நர்சிங் படிப்பு.

"ஏனுங்க, அந்த ஊசிக்குப் பதியறது தொறக்கவே மாட்டீங்குதுங்க. பக்கத்துக் காட்டுக்காரரு ஆடெல்லாம் மூக்கொழுகி, வாயெல்லாம் புண்ணாயிப் படுத்துருச்சுங்க. அதுக்கும் எம்பட பட்டிக்கும் நடுவால ஒரு கிளுவ வேலிதானுங்க."

"உங்க ஆட்டுக்கு என்ன செய்யுது?"

"இன்னும் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் மேயுதுங்க."

"அப்புறம் என்ன அவசரம்?" என்று ஆறுதல் சொன்னேன்.

பக்கத்து அறையிலிருந்து டாக்டர் எழுந்து வந்துவிட்டார். "நல்லா இருக்கறப்பதானுங்க போடோணும். படுத்த பின்னால போட்டுப் பிரயோசனமில்ல. போட்டு, எதிர்ப்புச் சக்தி வாரதுக்கே நாளாவும். பூட்டைத் தொறங்க, நான் இப்பவே வண்டியெடுத்துட்டுப் போயிட்டு வந்துர்றேன்."

"டோக்கனுங்க டாக்டரு?"

"அதை அப்புறம் வாங்கிக்கலாமுங்க."

"நீங்க படிச்சவரு. படிச்சவரே இப்படிப் பேசுனா எப்படிங்க?"

டாக்டர் என் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ராஜம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அரசு முகாம் வந்தப்ப ஆட்டை மேட்டூர்ப் பக்கம் மேய்ச்சலுக்கு ஓட்டியிருந்தேனுங்க. அப்ப உட்டுப்போச்சுங்க. அடுத்த முகாம் எப்பன்னு தெரியிலீங்க" என்றார். துணைக்குழு இன்றைக்கே கூடுகிறது, தைரியமாக உட்காருங்கள் என்று ஒரு நாற்காலி கொடுத்தேன். அந்த நாற்காலியும் சங்கத்தின் சேவைகளில் ஒன்றுதான்.

துணைக்குழு கூடியது. தலைவர், பொருளாளர் ஜெகதீஸ்வரன், சந்தோஷ்குமார், டாக்டர், நான். போண்டா வந்தது. சந்தோஷ்குமார் எழுந்து நின்று விளக்கினார்.

"நெறி ரெண்டு இருக்குதுங்க. கண்டிப்பு நெறி ஒண்ணு, தளர்வு நெறி ஒண்ணு. கண்டிப்புல, 'புது சன்னல் தொற'ன்னு பக்கம் உத்தரவு போடக் கூடாதுங்க. பாக்கறவரு இஷ்டப்பட்டா அவரே தொறந்துக்கோணும். தளர்வுல ஒரே ஒரு வார்த்தை சேத்தாப் போதும், அதுவாத் தொறந்துக்கும்."

"அப்பத் தளர்வையே வெச்சுத் தொலைங்களேன்" என்றார் டாக்டர்.

"வெச்சுக்கலாமுங்க. ஆனா நம்ம பக்கத்தைச் சோதிச்சுப் பாத்தா 'கண்டிப்பில்லாதது'ன்னு காட்டிரும்."

தலைவர் கையிலிருந்த போண்டாவைக் கீழே வைத்தார். "கண்டிப்பில்லாத சங்கம்னு எனக்குப் பேரு வரோணுமா? எங்கூட்டுல இருந்து லாரி ஷெட்டு வரைக்கும் நான் கண்டிப்புக்குப் பேரெடுத்தவன்."

"ஆனா அண்ணா, கண்டிப்புன்னா உங்க போட்டோ போயிருமுங்க" என்று பொருளாளர் மெல்ல நினைவூட்டினார்.

இதைத்தான் 'தர்மசங்கடம்' என்கிறார்கள். கண்டிப்பைத் தேர்ந்தால் பெயர் நிற்கும், படம் போகும். தளர்வைத் தேர்ந்தால் படம் நிற்கும், பெயர் போகும். அரசர்கள் காலத்தில்கூட ஒரு தலைவருக்கு இப்படியொரு சோதனை வந்ததாக நான் படித்ததில்லை. எல்லோரும் ஆளுக்கு இன்னொரு போண்டா எடுத்துக்கொண்டோம்.

வாசலோரம் இருந்த ராஜம்மாள் பொறுக்க முடியாமல் எழுந்தார். "எந்தச் சன்னலா இருந்தா என்னுங்க சாமி, ஒண்ணைத் தொறந்து உடுங்க. பொழுது போச்சுன்னா ஆடு பட்டிக்குத் திரும்பிரும், நான் போயி அடைக்கோணுமுங்க."

"அம்மணி, இது டெக்னிக்கல் விசயம். குறுக்க பேசக் கூடாது" என்றார் தலைவர்.

அப்போது சந்தோஷ்குமார் ஒரு தவறு செய்தார். இளைஞர்தானே, உண்மையைச் சொல்லிவிட்டார்.

"இன்னொண்ணு இருக்குதுங்க. இப்பப் புதுசா நடப்புல இருக்கற நெறியில ரெண்டுமே ஒத்துப்போவுதுங்க. அந்த ஒரு வார்த்தையும் செல்லும், கண்டிப்பும் கெடாது. இப்ப உலகமே அதைத்தான் வெச்சிருக்குதுங்க."

பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பப் பிரச்சினையே இல்லீங்கறீங்களா?" என்றார் பொருளாளர்.

"இல்லீங்க."

"அப்பத் துணைக்குழு எதுக்கு?" என்றார் தலைவர்.

"வேண்டியதில்லீங்க."

தலைவர் என் பக்கம் திரும்பி, "செயலாளரே, தம்பி பேசுன கடைசியை மட்டும் மினிட்ஸ்ல ஏத்தாதீங்க" என்றார். நான் ஏற்றவில்லை. குழு கூடாமலே கிடைத்துவிடுகிற ஒரு விடையை மானமுள்ள எந்தக் குழுவும் தீர்வாக ஏற்றுக்கொள்ள முடியாது. தவிரவும், புதிய நெறி நாளைக்கே இன்னொன்றாக மாறலாம். ஊரே ஒரு பாதையில் போகிறது என்பதற்காக நாமும் போனால் நமக்கும் ஆட்டுக்கும் என்ன வித்தியாசம்?

கடைசியில் பொருளாளர்தான் வழி சொன்னார். "பூக் கேட்டுரலாமுங்க அண்ணா."

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதா வேண்டாமா, இந்தச் சம்பந்தம் கூடுமா கூடாதா என்று மனிதமூளை தடுமாறும் இடங்களில் கோயிலில் பூக் கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, எடுக்கிற பொட்டலத்தில் எந்தப் பூ இருக்கிறதோ அதுவே உத்தரவு. வெள்ளை வந்தால் கண்டிப்பு, சிவப்பு வந்தால் தளர்வு என்று ஏகமனதாக முடிவானது. அறிவியலும் ஆன்மிகமும் ஒரே போண்டாத் தட்டைச் சுற்றிக் கைகுலுக்கிய அந்தக் கணத்தில் பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாரியம்மன் கோயிலுக்குப் படையாகப் போனோம். ராஜம்மாளும் பின்னாலேயே வந்தார். பூசாரி கைலாசம் திருநீறு நீட்டிக்கொண்டே விசாரித்தார்.

"கெணத்துக்குங்களா, கண்ணாலத்துக்குங்களா?"

"லிங்க்குக்கு" என்றார் தலைவர்.

"அது எந்தக் காட்டுல இருக்குதுங்க?"

சந்தோஷ்குமார் விளக்கினார். கைலாசம் பொறுமையாகக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எதுவா இருந்தாலும் இப்ப ஆவாதுங்க. நேத்துதான் பூச்சாட்டு ஆச்சு, கம்பம் நட்டாச்சு. நோம்பி முடிஞ்சு கம்பம் புடுங்கற வரைக்கும் பூக் கேக்கறதில்லீங்க. புதுசா ஒண்ணு தொடங்கறதும் இல்லீங்க."

ஊர்க் கட்டு அது. திருவிழா சாட்டிவிட்டால் கம்பம் எடுக்கும்வரை புதுவீடு புகமாட்டோம், நிச்சயம் செய்யமாட்டோம். புதிய சாளரம் மட்டும் திறக்கலாமா? தலைவர் இரு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க பூசாரி, ஆட்டுக்கு ஊசி போடலாமுங்களா?" ராஜம்மாளின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"சீக்குக்கு வைத்தியம் பாக்க வேண்டாம்னு ஆத்தா என்னைக்குச் சொல்லியிருக்கறா? தாராளமாப் போடலாம் தாயி. இன்னைக்கே போடு."

"கைலாசம், நீ சாமி விசயத்தை மட்டும் பாரு. சங்கத்து விசயத்துல தலையிடாத" என்றார் தலைவர். அவரவர் அதிகாரத்துக்கு ஓர் எல்லை உண்டென்பதை இத்தனை தெளிவாகச் சொன்ன தலைவர் வேறொருவர் இருந்தால் காட்டுங்கள்.

கம்பம் நின்ற நாட்களில் துணைக்குழு ஓய்ந்திருக்கவில்லை. சாளரத்தின் அகலம், உயரம் பற்றித் தனியாக இரண்டு அமர்வுகள் நடத்தினோம். ஊருக்குள் உறுமியும் பம்பையும் முழங்கின. நோயும் தன் பங்குக்குக் கிளுவ வேலியைத் தாண்டியது. நோய்க்கு நெறி எதுவும் கிடையாது. கண்டிப்பும் இல்லை, தளர்வும் இல்லை, ஊரில் ஒரு பட்டி விடாமல் நுழைந்துவிடுகிறது.

டாக்டர் கைக்காசைப் போட்டுச் சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார். மருந்து கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? இந்தப் பக்கத்துக் கடைகளுக்கு வந்ததையெல்லாம் நாங்கள் தொலைநோக்குடன் மொத்தமாக வாங்கிப் பூட்டி வைத்திருந்தோமே. திரும்பி வந்தவர் பூட்டைக் கல்லால் தட்டிப் பார்த்தார். நல்ல கம்பெனிப் பூட்டு, அசையவில்லை. அவர்மீது ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தேன்.

ஒருநாள் காலையில் ராஜம்மாள் ஒரு குட்டியை முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குட்டியை என் மேசைமீது வைத்தார்.

"தாயாடு போயிருச்சுங்க. கெடாயும் போயிருச்சுங்க. இது ஒண்ணு இன்னும் தலை தூக்கிப் பாக்குதுங்க. இதுக்காவது அந்த ஊசியப் போடுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

டாக்டர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார், அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் வந்துருச்சுங்கக்கா. இனி ஊசி கேக்காது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். குட்டி ஒருமுறை இருமியது. எனக்கும் மனசு என்னவோ செய்தது, மறுக்கவில்லை. மேசைமேல் துணைக்குழு அறிக்கையின் சுத்தப் பிரதி இருந்தது. அலுவலக மேசைகளில் ஆட்டுக்குட்டி வைக்கத் தடை என்று அன்று மாலையே சுற்றறிக்கை விட்டேன்.

கம்பம் பிடுங்கினார்கள். மஞ்சள் நீராட்டும் முடிந்தது. பூக் கேட்டோம். கைலாசம் பொட்டலத்தைப் பிரித்தார். செவ்வரளி. தளர்வு! தலைவரின் படத்தை அம்மனே காப்பாற்றிவிட்டாள் என்று பொருளாளர் சூடம் கொளுத்தினார். கண்டிப்பு போனதே என்று தலைவருக்குச் சற்று வருத்தம். ஆத்தாளே தளர்ந்துகொடுத்த பிறகு நாம் எம்மாத்திரம் என்று நான் தேற்றினேன். சந்தோஷ்குமார் அந்த ஒரு வார்த்தையை இணைப்பில் சேர்த்தார். அவருக்கு ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அடுத்த முகூர்த்தத்தில் 'புதிய சாளரத் திறப்பு விழா'. கல்யாண மண்டபம், பெரிய திரை, வாசலில் தலைவரின் ஆளுயர ஃபிளெக்ஸ். முதல் பயனாளியாக ராஜம்மாளைத்தான் மேடையேற்ற வேண்டும் என்பது என் யோசனை. ஆரம்பம் முதல் இந்த இணைப்பின்மீது அவ்வளவு ஆர்வம் காட்டியவர் வேறு யாருமில்லை. அவர் வரத் தயங்கினார். பொருளாளர் கார் அனுப்பிக் கூட்டி வந்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "மகா ஜனங்களே! முன்னெல்லாம் புதுசு ஒண்ணு தொறந்தாப் பழசு காணாமப் போயிரும். இனி அந்தக் கவலை இல்லை. புதுசும் வரும், பழசும் இருக்கும். நம்ம வட்டாரத்துல இனி ஒருத்தரும் எதையும் இழக்க வேண்டியதில்லை!"

கைதட்டல் ஓய்ந்ததும் ராஜம்மாளின் கையைப் பிடித்துக் கணினி எலியின்மேல் வைத்தார் சந்தோஷ்குமார். ராஜம்மாள் அழுத்தினார். திரையில் பதிவுப் பக்கம் புதிய சாளரமாக விரிந்தது. அதன் ஓரத்தில், பின்னாலிருந்த பழைய சாளரத்தில், தலைவர் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றார். ஒரு முடிகூடக் கலையவில்லை. மண்டபம் அதிர்ந்தது. தலைவரே தன்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

"எத்தனை ஆட்டுக்குப் பதியறீங்க அம்மணி? கூச்சப்படாம மைக்குல சொல்லுங்க."

ராஜம்மாள் மைக்கை வாங்கவில்லை. வாங்காமலே எல்லோருக்கும் கேட்டது.

"தொறக்கோணும்னு கூப்பிட்டீங்க, தொறந்துட்டேனுங்க. பதியறதுக்கு எங்கிட்ட ஆடு இல்லீங்க. நான் ஊட்டுக்குப் போவட்டுமுங்களா?"

அவரே மேடையிலிருந்து இறங்கிப் போனார். போகும்போது, மேடையில் நாங்கள் போர்த்தியிருந்த பொன்னாடையை நாற்காலியில் மடித்து வைத்துவிட்டுப் போனார். அதைப் பிறகு தலைவருக்கே போர்த்தினோம். டாக்டர் அன்றே வேலையை விட்டுவிட்டார். வெண்ணிலா படிப்பை நிறுத்திவிட்டுத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நூல்மில்லுக்குப் போகிறாள் என்று கேள்வி. இவை சங்கத்தின் வரம்புக்குள் வராத செய்திகள் என்பதால் ஆண்டறிக்கையில் சேர்க்கவில்லை.

சேர்த்தது ஒன்றுதான். அதைப் பிற சங்கங்களும், அரசுகளும், வருங்காலச் சந்ததியும் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். புதிய சாளரம் திறந்த நாளிலிருந்து இன்றுவரை எங்கள் வட்டாரத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஓர் ஆடுகூடச் சாகவில்லை. வாங்கிய மருந்தும் ஒரு சொட்டுக் குறையாமல் குளுகுளுவென்று பத்திரமாக இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் எந்த நேரமும் வந்து எங்கள் பட்டிகளைப் பார்த்துக்கொள்ளலாம். டோக்கன் தேவையில்லை. எல்லாப் பட்டிகளும் திறந்தேதான் கிடக்கின்றன.